அப்பாவை யார் பேரில் எழுதுவது

பிளெய்ன்ஸ்பரோ
அக்டோபர் 12, 2024

அன்புள்ள தம்பி பூவநாதனுக்கு,

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரு நாளும், காரில் இருக்கிறேன், ஸ்பீக்கரில் இருக்கிறாய், ரூபிகா பக்கத்தில் இருக்கிறாள் என்று மூன்று தகவல்களைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கூடப் பிறந்தவனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. எப்படித் தொடங்குவது என்று அப்பாவிடம் கேட்டேன். "நலம், நலமறிய ஆவல்னு போடு" என்றார். நலமில்லாததால் அதைப் போடவில்லை.

மாநில இன்சூரன்ஸ் சந்தையிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்பா கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் ஆகவில்லை, அதனால் முதியோருக்கான அரசு மருத்துவம் அவருக்கு இல்லை, நான்தான் அந்தச் சந்தையில் அவருக்கு இன்சூரன்ஸ் வாங்கினேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அவருடைய வருமானம் குறைவு. அதனால் மாதத் தவணையில் தொள்ளாயிரத்து எண்பது டாலரை அரசாங்கமே வரிச்சலுகையாக முன்கூட்டிக் கட்டிவந்தது. நாங்கள் கட்டியது நூற்றிருபது.

இப்போது என்னவென்றால், 2023ஆம் வருடத்து வரிக்கணக்கில் யாரோ ஒருவர் அப்பாவைத் தன்னைச் சார்ந்திருக்கிற டிபெண்டென்ட் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அப்பா அந்த யாரோ ஒருவருடைய குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வருமானம் குறைவில்லை. ஆகவே கொடுத்த சலுகை அதிகப்படி. அதை அந்த யாரோ ஒருவர் திருப்பிக் கட்ட வேண்டும். இது சரியாகும்வரை, வருகிற ஜனவரியிலிருந்து அப்பாவுக்குச் சலுகை இல்லை.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றுகிற ஆபரேஷன் ஜனவரி 14ஆம் தேதி. அன்று பொங்கல் என்பது டாக்டருக்குத் தெரியாது.

அந்த யாரோ ஒருவர் நான் இல்லை. உலகத்தில் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள்தான்.

செண்பகம்


ரிச்சர்ட்சன்
அக்டோபர் 17, 2024

அக்காவுக்கு,

நான்தான் எழுதினேன். பெற்ற தகப்பனை மகன் தன் குடும்பத்தில் எழுதினால் அது எப்படிக் குற்றமாகும் என்று எனக்குப் புரியவில்லை. 2023 முழுவதும் மாதம் ஐந்நூறு டாலர் அப்பாவுக்கென்று உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்படி எழுதியதற்கு எனக்கு வரியில் கிடைத்தது மொத்தம் ஐந்நூறு டாலர். அதற்காக யாரும் அப்பாவை எழுதமாட்டார்கள்.

எனக்கும் போன மாதமே வரித்துறை கடிதம் வந்துவிட்டது. பதினோராயிரத்து எழுநூற்று அறுபது. நான் ஒன்றும் ஓடிப்போகவில்லை. ஆபீசில் சம்பளம் போடுகிற பேரோல் பிரிவில் படிவத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு சம்பளத்திலும் நானூற்றுத் தொண்ணூறு பிடித்து அவர்களே நேராக வரித்துறைக்கு அனுப்பிவிடுவார்கள். இருபத்து நான்கு சம்பளம். அடுத்த அக்டோபரில் முடிந்துவிடும். பேரோலில் இருக்கிற அம்மாள், "நேதன், எல்லாம் சரிதானே?" என்று விசாரித்தாள். ஆபீசில் நான் நேதன். சரிதான் என்றேன்.

ஆக, விஷயம் முடிந்தது. நீ கவலைப்பட வேண்டாம். அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இனி எழுதினாலும் தமிழிலேயே எழுது. ரூபிகாவுக்கு அவள் வீட்டு ஈழத்தமிழ் பேச வரும், படிக்க வராது. சம்பளம் குறைந்ததைக் கேட்டாள். ரிடையர்மென்ட் சேமிப்பைக் கூட்டியிருக்கிறேன் என்றேன். ஒருவகையில் அதுவும் ரிடையர் ஆனவருக்குப் போகிற பணம்தானே.

பூவநாதன்


பிளெய்ன்ஸ்பரோ
அக்டோபர் 21, 2024

தம்பி,

விஷயம் முடியவில்லை. அபராதம் கட்டினால் வேகமாக ஓட்டினது சரி என்று ஆகிவிடாது. நீ கட்டக் கட்ட, அப்பா உன் டிபெண்டென்ட்தான் என்பது மாதம் இரண்டு முறை உறுதியாகிக்கொண்டிருக்கிறது.

எடிசனில் எங்களுக்கு வரிக்கணக்குப் போட்டுத்தருகிற பிச்சுமணி அங்கிளிடம் போனேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதை எழுதின மேதை யாரும்மா?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். "என்ஜினியரா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இந்த மாதிரி இந்த வருடம் அவரிடம் வந்த நான்காவது மகனாம் நீ. மகள்கள் யாரும் வரவில்லையாம். மகள்கள் வீட்டில் அப்பாக்கள் இருக்கிறார்கள். மகன்களின் ஃபாரத்தில் இருக்கிறார்கள்.

அவர் சொன்ன வழி சுலபமானது. ஒருவருக்குச் சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் அவரை யாருமே டிபெண்டென்ட் என்று எழுத முடியாது. வரம்பு ஐந்தாயிரம் டாலருக்கும் கீழே. அப்பாவுக்கு மின்வாரியப் பென்ஷன் இருக்கிறது. எட்டயபுரம் ரோட்டில் இரண்டு கடை வாடகை இருக்கிறது. கூட்டினால் ஏழாயிரத்துக்கு மேல். செல்போன் கடைக்காரனும் கடலைமிட்டாய்க் கடைக்காரனும் சேர்ந்து அப்பாவை யாரையும் சாராத மனிதராக ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

நீ செய்ய வேண்டியது, 2023 கணக்கை அப்பா பெயரில்லாமல் திருத்தித் திரும்பக் கொடுப்பது. உன் கடன் போய்விடும். பிடித்த பணமும் திரும்ப வரும். அப்பாவுக்கு ஜனவரியில் சலுகை கிடைக்கும். கடைசி நாள் டிசம்பர் 31. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கொடுத்த கணக்கு என்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். உன்னுடையது, ரூபிகாவுடையது.

மொத்தம் ஒரு மணி நேர வேலை என்றார் பிச்சுமணி அங்கிள்.

செண்பகம்


ரிச்சர்ட்சன்
அக்டோபர் 30, 2024

அக்கா,

திருத்த மாட்டேன்.

அப்பாவுக்கு ஜனவரியிலிருந்து முழுத் தவணை என்னவோ அதை நான் அனுப்புகிறேன். ஆயிரத்து நூறோ ஆயிரத்து இருநூறோ. எங்கிருந்து வரும் என்று நீ கேட்க வேண்டாம். ஆனால் என் அப்பா என்னைச் சார்ந்தவர் இல்லை என்று ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீ பேசுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஏர்போர்ட்டில் அப்பாவைக் கூப்பிட்டு வந்த போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியது நீ. முதல் வாக்கிங், முதல் பனி, முதல் ட்ரெயின், எல்லாம் அனுப்பினாய். கோவில்பட்டியில் இருந்து ஆள் மாற்றி ஆள் என்னைக் கேட்டார்கள், அப்பாவை நீ வைத்துக்கொள்ளவில்லையா என்று. இங்கே தமிழ்ச் சங்கத்திலும் கேட்டார்கள். என் வீட்டிலும் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது. குளிர் இல்லாத ஊர். அப்பா உன் வீட்டைத்தான் எடுத்தார். சரி. காகிதத்திலாவது என் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தது தப்பா?

கடை வாடகையை எல்லாம் இதில் இழுக்காதே. அது அப்பாவின் சொந்த விஷயம். அவருடைய பேங்க் கணக்கையும் நோண்டாதே.

பூவநாதன்


பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 9, 2024

தம்பிக்கு,

நோண்டாதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் நான் வருமானப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருப்பேன்.

பிச்சுமணி அங்கிள் 2023 முழுவதற்கும் அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தார். எடுத்தேன். ஏப்ரலில் பதினான்கு லட்சம் ரூபாய் எஃப்.டி.யை உடைத்திருக்கிறார். அவர் ரிடையர் ஆனபோது மொத்தமாக வந்த பணம். நம் கல்யாணங்களுக்கே அதைத் தொடாதவர். அது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் ஒரு தடவையாக ரிச்சர்ட்சனில் உனக்குப் போயிருக்கிறது. அந்த மாதங்களின் கடை வாடகையும் கூடவே போயிருக்கிறது.

என் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோவில்பட்டியிலிருந்து உனக்கு வந்த இரண்டு மூன்று நாளில், உன்னிடமிருந்து எனக்கு ஐந்நூறு டாலர் வந்திருக்கிறது. "அப்பாவுக்கு" என்று குறிப்போடு. அப்பாவின் பணம் கோவில்பட்டியில் புறப்பட்டு, டெக்சாஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நியூ ஜெர்சியில் அப்பாவிடமே வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் பேங்க்காரன் இரண்டு இடத்தில் கமிஷன் எடுத்திருக்கிறான். அதற்கு அரசாங்கம் உனக்கு ஐந்நூறு டாலர் பரிசும் கொடுத்திருக்கிறது.

அப்பாவைக் கேட்டேன். மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமையை மூடிக்கொண்டே, "அவன் கேக்கல. நானாத்தான் கொடுத்தேன்" என்றார். எதற்கு என்றேன். "வேலை இல்லன்னு ஒரு பய அப்பனுக்குப் போன் பண்ணுதான்னா, அதுக்கு மேல அவன் வாயைத் திறந்து வேற கேக்கணுமா?" என்றார்.

அந்த வருடம் நீ பகல் பதினோரு மணிக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணுவாய். மீட்டிங்குக்கு நடுவில் என்பாய். மிக அமைதியான ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

ரூபிகாவுக்குத் தெரியாது, இல்லையா? அதனால்தான் இரண்டாவது கையெழுத்து முடியாது. தகப்பன் பாசம் அதற்கு மேல் போட்ட போர்வை.

திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் நீ எங்கே போனாய்?

அக்கா


ரிச்சர்ட்சன்
நவம்பர் 16, 2024

அக்கா,

பல்கலைக்கழக லைப்ரரி. மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம். வெளியாட்களும் உட்காரலாம்.

2023 மார்ச் கடைசியில் எங்கள் பிரிவையே மூடினார்கள். அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். க்ரிஷுக்கு ஐந்தாவது பிறந்தநாள், வீடு முழுக்க ஆட்கள். மறுநாள் சொல்ல வேண்டியது. மறுநாள் ரூபிகா வழக்கம்போல டிபன் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். டிபனைக் கையில் வாங்கின பிறகு ஒருத்தன் எங்காவது போயாக வேண்டும். போனேன். அப்படியே செப்டம்பர் வரை போனேன். ஒரு பையன் என்னைப் புரொஃபசர் என்று நினைத்துச் சந்தேகம் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அப்பா அனுப்பியதை என் தனிக் கணக்கில் வாங்கி, பதினைந்தாம் தேதியும் முப்பதாம் தேதியும் சம்பளம் மாதிரியே வீட்டுக் கணக்கில் போட்டேன். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிக்கு எழுதவில்லை. எழுதினால் வீட்டுக்குக் கடிதம் வரும்.

வரிக்கணக்கை நானே சாஃப்ட்வேரில் போட்டேன். ரூபிகா எப்போதும் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். அதில் ஒரு கேள்வி வரும். இந்த வருடம் உங்களை நம்பி வேறு யாராவது இருந்தார்களா? ஆம், இல்லை, இரண்டு பொத்தான். நான் பத்து நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தில் ஒரு கேள்விக்காவது ஆம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

பதினோராயிரம் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. நானூற்றுத் தொண்ணூறு பிடிக்கிறபோது சரி, ஏதோ ஒன்றுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இருக்கிறது. அடுத்த அக்டோபரோடு எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆபரேஷனை அதுவரை தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப்பார்.

பூவா


பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 24, 2024

பூவா,

டாக்டரிடம் கேட்கவில்லை. மாடியேறினால் அப்பா பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த அக்டோபர் என்று ஒரு டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

அனன்யாவுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் உன் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறார் என்பது மறந்துபோயிற்று. முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். கண்ணில் படுவதைப் படித்துவிடுவார்.

ராத்திரி சாப்பிடும்போது ஆபரேஷன் வேண்டாம் என்றார். கோவில்பட்டிக்கே போய்விடுகிறாராம். இங்கே இருந்தால்தானே இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் இருந்தால்தானே ஃபாரம், ஃபாரம் இருந்தால்தானே கையெழுத்து என்று வரிசையாகச் சொன்னார். "அவன் வீட்டுல என்னால சண்டை வேண்டாம். இந்த வால்வு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். டிசம்பர் 20ஆம் தேதிக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்க்க மாட்டேன் என்றேன். அனன்யாவிடம் கேட்டிருக்கிறார். அவள் தாத்தாவுக்கு உதவி செய்கிறோம் என்று விலை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். ஜன்னல் சீட்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் நானும் பிச்சுமணி அங்கிளிடம் கேட்டேன், அப்பாவை என் பேரில் எழுதலாமா என்று. ஐந்நூறு டாலருக்காக இல்லை. பெரியத்தை போனில் "மகன் அனுப்புத பணத்துல நல்லா இருக்காரு போல" என்று சொல்லியிருந்தாள். நான் சமைக்கிறேன், மருந்து வாங்குகிறேன், ஆஸ்பத்திரிக்கு லீவு போடுகிறேன், அப்பா உன் பணத்தில் இருக்கிறார். எனக்கும் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அவர் முடியாது என்று சொன்னதால் நான் தப்பித்தேன். உனக்குச் சாஃப்ட்வேர் முடியாது என்று சொல்லவில்லை. நமக்குள் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி நான் எழுதப்போவதில்லை. டிசம்பர் 20 முதலில் வரும். 31 அதற்குப் பிறகு.

செண்பகம்


ரிச்சர்ட்சன்
டிசம்பர் 8, 2024

அக்காவுக்கு,

இதோடு திருத்திய கணக்கின் நகல் இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. பிச்சுமணி அங்கிளிடம் கொடுத்துவிடு.

வியாழக்கிழமை க்ரிஷ் நீச்சலுக்குப் போனபின் ஃபாரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ரூபிகா தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். என் சம்பளச் சீட்டு. நானூற்றுத் தொண்ணூறைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இரண்டு மாதமாக வைத்திருக்கிறாள். சேமிப்புக் கணக்கைப் பார்த்திருக்கிறாள், அதில் ஏறவில்லை. சம்பளத்தில் இப்படிப் பிடிப்பது எதற்கென்று தன் தோழியிடம் கேட்டிருக்கிறாள். விவாகரத்தானவர்கள் பிள்ளைக்குக் கட்டுகிற பணம் இப்படித்தான் பிடிபடும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

எந்தப் பிள்ளை என்றேன்.

"நீங்கள் காசு கட்டுற பிள்ளை."

"அறுபத்தெட்டு" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேறொரு பிள்ளை இல்லை என்றதும் சமாதானம் ஆவாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வேறொரு பிள்ளை என்றால் உலகத்தில் நடக்கிறதுதான் என்று விளங்கிக்கொண்டிருப்பாளாம். "அஞ்சு மாசம் விடிய எழும்பி நான் சாப்பாடு கட்டித் தந்தனான். லைப்ரரியில இருந்து சாப்பிட்டனீங்கள்" என்றாள். லைப்ரரிக்குள் சாப்பிட அனுமதி இல்லை, காரில்தான் சாப்பிட்டேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பேனாவை எடுத்தாள். ஃபாரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தாள். முக்கால் மணி நேரம். முதன்முறையாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். அப்பாவுக்காகப் போடுவதாகவும், எனக்காக இல்லை என்றும் சொன்னாள். அப்பாவுக்கென்று வைத்திருந்த காலி அறையில் இப்போது நான் இருக்கிறேன்.

அப்பாவிடம் டிக்கெட் வேண்டாம் என்று சொல்.

பூவா


பிளெய்ன்ஸ்பரோ
ஜனவரி 4, 2025

அன்புள்ள பூவாவுக்கு,

எழுதப்போவதில்லை என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

டிசம்பர் 30ஆம் தேதி மதியம் ஏற்றுக்கொண்டார்கள். சலுகை உண்டு. ஆபரேஷன் 14ஆம் தேதிதான். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஜன்னல் சீட்டை அனன்யாவே ரத்து செய்துவிட்டாள். பேரோல் அம்மாளுக்குத் தகவல் போய்ச்சேர இன்னும் இரண்டு சம்பளம் ஆகலாமாம். அதுவரை பிடிப்பார்கள். திரும்பி வருகிற காசோலை உங்கள் இருவர் பெயரிலும் வரும். வாங்கும்போது பக்கத்தில் இரு.

ரூபிகா நேற்றுப் பேசினாள். என்னோடு இரண்டு நிமிடம், அப்பாவோடு அரை மணி நேரம். என்ன பேசினார்கள் என்று அப்பா சொல்லவில்லை. பதிமூன்றாம் தேதி வருகிறாள். ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கிறேன் என்று அழுத்திச் சொன்னாள். உனக்கு நீ தனியாகப் போட்டுக்கொள். வேறு விமானம் என்றாலும் பரவாயில்லை, வந்துசேர்.

அப்பா 2023க்குத் தன் கணக்கைத் தானே கொடுக்க வேண்டும் என்பதால் அவரைப் பிச்சுமணி அங்கிளிடம் கூட்டிப்போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஃபாரத்தை ஒவ்வொரு கட்டமாக மீட்டர் பார்க்கிற மாதிரி பார்த்தார். டிபெண்டென்ட் என்று இருந்த கட்டத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். உங்களை நம்பி இருக்கிறவர்களின் பெயரை எழுதுகிற இடம் என்று அங்கிள் சொன்னார்.

"அப்ப இதுல என் மகன் பேரைப் போடுங்க" என்றார் அப்பா. "அந்த ஒரு வருசத்துக்கு மட்டும் போதும்."

பிச்சுமணி அங்கிள் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பொறுமையாக விளக்கினார். அந்த வருடத்தில் மீதி ஏழு மாதம் நீ வாங்கின சம்பளமே வரம்புக்குப் பல மடங்கு மேலாம். சட்டப்படி நீ யாரையும் சார்ந்தவன் இல்லையாம்.

அப்பா நம்பவில்லை.

செண்பகம்